டிவி படத்தைச் சரிசெய்ய எதை முதலில் தொட வேண்டும்

மண்டபத்தில் எங்கள் வீட்டு டிவியில் ஆரம்பித்து உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை என்று சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் ரிமோட்டை வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரே தப்புதான். படம் பிடிக்கவில்லை என்றதும் நேரே 'கலர்' இருக்கும் இடத்துக்குப் போய் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். அது கடைசியில் தொட வேண்டியது. கறுப்பும் வெள்ளையும் ஒழுங்காக நிற்காத படத்தில் கலரைத் திருகுவது அழுக்குத் துணியைச் சாயத்தில் முக்குகிற வேலை.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பென் டிரைவ், மைக்ரோஃபைபர் துணி ஒன்று, நோட்டு, பேனா. பென் டிரைவில் சோதனைப் படங்கள் வேண்டும். 'ஏவிஎஸ் எச்டி 709' என்று தேடினால் இலவசத் தொகுப்பு கிடைக்கும். அதில் எம்பி4 வடிவத்தில் இருப்பதை எடுத்தால் டிவியிலேயே ஓடும். முக்கியமாக அதில் இரண்டு போதும்: கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று.

இப்போது இருக்கிற செட்டிங்ஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது "பழையபடியே இருக்கட்டும்" என்று சொன்னால் திரும்பிப் போக வழி இருக்கும்.

அடுத்து திரை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் டிவித் திரையில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த உப்புப் படலம் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கறுப்பைச் சாம்பலாக்கும். அதைத் துடைக்காமல் பிரைட்னஸைச் சரிசெய்தால், உப்புக்குத்தான் அளவு வைத்ததாக ஆகும்.

டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. உப்பும் மணலும் கீறிவிடும். முதலில் அழுத்தாமல் தூசியைத் தட்டிவிட்டு, பிறகு துணியைக் கொஞ்சமாக நனைத்து மெதுவாக ஒற்றி எடுங்கள். நனைக்க போர் தண்ணீர் வேண்டாம், இங்கே அதிலும் உப்புதான். காய்ந்ததும் திட்டுத்திட்டாக நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. திரை மேல் நேராகத் தெளிக்காதீர்கள், கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். கண்ணாடி துடைக்கும் திரவமும் ஆகாது, மேல்பூச்சு போய்விடும்.

துடைத்து, அடுத்த பகுதியில் சொல்வதையும் முடித்த பிறகு டிவியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். போட்ட உடனே இருக்கும் வெளிச்சமும் சூடேறிய பிறகு இருக்கும் வெளிச்சமும் ஒன்றல்ல.

2. அணைத்த திரையில் அறையைப் பாருங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை. டிவியை அணைத்த நிலையில், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னல் தெரிகிறதா, டியூப் லைட் தெரிகிறதா? அதில் தெரிவதெல்லாம் படத்தின் மேலும் விழும். கடலோர வீட்டில் வெண்மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஜன்னல் வழியாக வரும். எந்த செட்டிங்கும் அதை நீக்காது. திரைச்சீலை போடுங்கள், அல்லது டிவியைக் கொஞ்சம் திருப்புங்கள்.

பாயில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் டிவியைக் கதவு நிலைக்கு மேலே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்சிடி திரைகள் பலவற்றில் கீழிருந்து பார்த்தால் நிறமும் கறுப்பும் மாறித் தெரியும். இடம் மாற்ற முடியாவிட்டால் திரையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டலாம். சரிசெய்யும்போதும் நின்றுகொண்டு செய்யாதீர்கள். பாயில் பார்ப்பவர் பாயில் உட்கார்ந்தே செய்ய வேண்டும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு: திரையின் மூலைவிட்ட அளவைப் போல சுமார் 1.6 மடங்கு. 43 இஞ்ச் டிவிக்கு 6 அடிக்குச் சற்றுக் குறைவு, 55 இஞ்ச்சுக்கு ஏழேகால் அடிக்குச் சற்று அதிகம். சாதாரண கேபிள் சேனல் மட்டுமே பார்க்கிறவர் இன்னும் தள்ளி உட்காரலாம். அதில் மொத்தமே 576 வரிகள்தான், பக்கத்தில் போனால் சதுரம் சதுரமாகத் தெரியும்.

இரவில் எந்த விளக்கைப் போட்டுப் பார்ப்பீர்களோ, அதைப் போட்டுக்கொண்டே தொடங்குங்கள். மஞ்சள் பல்பு எரிகிற அறையில் டிவி நீலமாகத் தெரியும், வெள்ளை டியூப் லைட்டில் அதே டிவி மஞ்சளாகத் தெரியும். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டால் கண் எதையும் நம்பாது.

3. உள்ளே வருவது ஒழுங்காக வருகிறதா?

கீழக்கரையில் ஒரு வீட்டில், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த 55 இஞ்ச் 4கே டிவி. படம் மங்கல், முகமெல்லாம் அகலம். பின்னால் எட்டிப் பார்த்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர். அந்த ஒயரில் எச்டி படம் வராது. பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை சும்மா கிடந்தது. கேபிளை மாற்றியதும் பாதி வேலை முடிந்தது.

பாக்ஸின் செட்டிங்ஸில் 16:9 என்றும், அது தரக்கூடிய உயர்ந்த அளவு எதுவோ அது என்றும் வையுங்கள். பிறகு டிவியில் படத்தின் அளவு. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தால் டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது என்று அர்த்தம். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இதற்குப் பெயர். பெரிதாக்கும்போது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மறுபடி கணக்குப் போட்டு வரையப்படுவதால் கூர்மை போகும். இதை விட்டுவிட்டு ஷார்ப்னஸை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு வார்த்தை துருவைப் பற்றியும். எச்டிஎம்ஐ முனையில் உப்பு ஏறினால் படத்தில் புள்ளி மின்னும், விட்டுவிட்டுத் திரை கறுக்கும், அல்லது படமே வராது. நிறம் கொஞ்சம் வெளிறுவது அதனால் வராது. பழைய மூன்று ஒயரில் மட்டும் முனை கெட்டால் நிறம் மங்கும், கறுப்பு வெள்ளையாகக்கூடப் போகும்.

4. பிக்சர் மோடும் வார்மும்

புது டிவியை முதலில் போடும்போது 'ஹோம்' வேண்டுமா, கடைக்கான 'ஸ்டோர்' வேண்டுமா என்று கேட்கும். மாட்ட வந்தவர் அவசரத்தில் எதையாவது அமுக்கியிருப்பார். செட்டிங்ஸ் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றால் ஸ்டோரில் இருக்கிறது. முதலில் ஹோமுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் செய்த வேலை கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும்.

பிறகு பிக்சர் மோட். 'விவிட்' அல்லது 'டைனமிக்' கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிப்பதற்கு. 'சினிமா', 'மூவி', 'ஃபிலிம்மேக்கர்' இவற்றில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். படத்தை எடுத்தவர்கள் வேலை பார்த்த திரையின் அளவுகளுக்கு இவைதான் பக்கம். விவிடில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்து வருவது வீண். உள்ளே மெனுவில் தெரியாத மாற்றங்களும் நடந்துகொண்டிருக்கும்.

இந்த மோடிலேயே கலர் டெம்பரேச்சர், அதாவது வெள்ளை மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பது, 'வார்ம்' ஆக இருக்கும். இல்லையென்றால் வார்முக்கு மாற்றுங்கள். இரண்டு வார்ம் இருந்தால் பெரும்பாலும் அதிக வார்ம் உள்ளதே சரி. டிவி ஒளிபரப்பும் சினிமாவும் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு சுமார் 6500 கெல்வின். 'கூல்' அதைவிட வெகு தூரம் நீலத்துக்குப் போய்விடும்.

உச்சிப்புளி மாமா வீட்டில் வார்மை வைத்ததும் அவர் சொன்னது: "என்ன மாப்ள, டிவிக்கு மஞ்சக்காமாலை வந்துருச்சா?" எல்லா வீட்டிலும் இதே பேச்சு வரும். வருஷக்கணக்கில் நீல வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண் அது. அதனால்தான் இதை ஆரம்பத்திலேயே மாற்றச் சொல்கிறேன், மற்ற வேலைகள் முடிவதற்குள் கண் பாதி பழகியிருக்கும். மாமாவிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். எட்டாம் நாள் போய்ப் பழைய கூலை வைத்துக் காட்டினால், "ஏன் பொணம் மாதிரி இருக்கு?" என்றார்.

5. தானாக மாறுவதையெல்லாம் நிறுத்துங்கள்

டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் என்ஹான்ஸர், நாய்ஸ் ரிடக்ஷன், எனர்ஜி சேவிங், வெளிச்சத்தைப் பார்த்து மாறும் சென்சார் எல்லாம் ஆஃப். நீங்கள் ஓர் எண்ணை வைக்கும்போது டிவி அதைப் பின்னாலிருந்து மாற்றிக்கொண்டே இருந்தால் அளவு நிற்காது. சென்சார் இருக்கிற டிவியில் வெளியே மேகம் கடந்தால் படம் மங்கும், வெயில் வந்தால் தெளியும்.

அசைவை வழவழப்பாக்கும் வசதியும் இதில் சேரும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. சினிமா ஒரு நொடிக்கு 24 படங்கள். இடையில் இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து சொருகும்போது படம் சீரியல் மாதிரி ஆகிவிடும். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், எனக்கு அதிலும் பிடிக்காது.

6. பேக்லைட்

இங்கே பெயர்க் குழப்பம் பெரிது. பேக்லைட் என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு. பழைய மெனுக்களில் 'பிரைட்னஸ்' என்பது கறுப்பின் அளவு. ஆனால் சோனியின் இப்போதைய டிவிகளில் 'பிரைட்னஸ்' என்றாலே பின்விளக்குதான். கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனியாக இருக்கும். உங்கள் டிவியில் எது எது என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம்: எண்ணைக் குறைக்கும்போது வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து மங்கினால் அது பின்விளக்கு. இருட்டான பகுதிகள் மட்டும் கறுத்து அமுங்கினால் அது கறுப்பின் அளவு.

பின்விளக்கை இரவு விளக்கில் கண் கூசாத அளவுக்கு வையுங்கள். சரியான எண் என்று ஒன்று கிடையாது, அறையைப் பொறுத்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அறையின் மூலையைப் பார்க்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் அதிகம்.

7. கறுப்பு

இதுதான் முழு வேலையின் நடு. மெதுவாகச் செய்யுங்கள்.

வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் வைக்கப்பட்டிருக்கும். கறுப்புச் சோதனைப் படத்தில் எண் போட்ட பட்டைகள் மின்னிக்கொண்டிருக்கும். பிரைட்னஸை, அதாவது கறுப்பின் அளவை, முதலில் ஏற்றுங்கள், 16-க்குக் கீழே உள்ளவைகூடத் தெரியும். பிறகு ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள். 16 பின்னணியில் மறைந்து, 17 உற்றுப் பார்த்தால் மட்டும் துடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். விலை குறைந்த திரைகளில் 17 தெரியாது, 18 அல்லது 19 தெரிந்தாலே சரி.

சோதனைப் படம் இல்லையா? மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிற அகலச் சினிமா ஒன்றை, இருட்டான காட்சியில் நிறுத்தி வையுங்கள். பட்டை சாம்பலாகும் வரை ஏற்றி, அது முழுக் கறுப்பாகும் இடம் வரை மட்டும் இறக்குங்கள். அப்புறம் நடிகரின் தலைமுடியைப் பாருங்கள். முடி இழையிழையாகத் தெரிய வேண்டும். தார் பூசிய மாதிரி ஒரே கறுப்பாக இருந்தால் அதிகம் இறக்கிவிட்டீர்கள்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி திரைகளில் இருட்டறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் இருக்கும், அது திரையின் குணம். அதை மறைக்கப் பிரைட்னஸை இறக்கினால் சாம்பல் போகாது, முடியும் புருவமும்தான் போகும். டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி சின்ன வெள்ளை விளக்கு ஒன்றைப் போடுங்கள், சுற்றி வெளிச்சம் இருக்கும்போது கண்ணுக்கு அந்தச் சாம்பல் கறுப்பாகவே தெரியும்.

பாக்ஸ் வழியாக வரும் படத்தில் எவ்வளவு மாற்றியும் கறுப்பு ஒரேயடியாக வெளிறியிருந்தால், அல்லது இருட்டெல்லாம் ஒரே கறுப்பாக அமுங்கியிருந்தால், பாக்ஸும் டிவியும் வேறு வேறு அளவில் பேசுகின்றன. டிவியில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' அல்லது 'வீடியோ ரேஞ்ச்' என்று இருப்பதை ஆட்டோவில் வையுங்கள். ஆகவில்லை என்றால் இரண்டு பக்கமும் 'லிமிடெட்' என்று ஒன்றாக்குங்கள்.

8. வெள்ளை

வெள்ளைச் சோதனைப் படத்தில் 230 முதல் 234 வரையான பட்டைகள் தனித்தனியாகத் தெரியும்படி கான்ட்ராஸ்ட்டை வையுங்கள். எல்லாம் கலந்து ஒரே வெள்ளையாக இருந்தால் இறக்க வேண்டும். கடைசி வரை ஏற்றியும் பட்டைகள் தெரிகின்றன என்றால் சினிமா மோட் கொடுத்த எண்ணிலேயே விடுங்கள்.

சோதனைப் படம் இல்லாதவருக்கு வேட்டி இருக்கிறது. அரசியல் கூட்டமோ கல்யாண வீடோ, வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவர்கள் நிற்கிற காட்சியில் நிறுத்துங்கள். வேட்டியின் மடிப்பு தெரிகிறதா? கான்ட்ராஸ்ட் அதிகமாக இருந்தால் மடிப்பெல்லாம் மறைந்து அட்டையில் வெட்டிய மாதிரி இருக்கும். மடிப்பு திரும்பி வரும் வரை இறக்குங்கள்.

கான்ட்ராஸ்ட்டை மாற்றினால் கறுப்பும் கொஞ்சம் நகரலாம். அதனால் 7-க்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி 8-க்கு வாருங்கள். இரண்டு சுற்றில் நின்றுவிடும்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் காமா என்று ஒன்று இருந்தால் வெளிச்சமான கூடத்துக்கு 2.2, விளக்கணைத்துப் பார்க்கிறவருக்கு 2.4.

9. ஷார்ப்னஸ்

பாம்பன் பாலம் வருகிற ஏதாவது வீடியோவைப் போட்டு, தூண்கள் கடலோடு சேரும் விளிம்பைப் பாருங்கள். தூணை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது டிவி வரைந்தது. கோடு மறையும் வரை இறக்குங்கள். பல டிவிகளில் அது பூஜ்ஜியத்தின் பக்கம் வரும். சோனியில் 50-தான் சும்மா இருக்கும் நிலை, அதற்குக் கீழே போனால் மழுங்கும்.

10. இப்போதுதான் கலர்

சினிமா மோடில் கலர் எண் பெரும்பாலும் நடுவில், 50 வாக்கில் இருக்கும். நிறத்தைப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ தள்ளும் டின்டும் நடுவில் பூஜ்ஜியத்தில் இருக்கும். முதலில் தொடாமலே பாருங்கள். சில டிவிகளில் நீலத்தை மட்டும் காட்டும் வசதி உண்டு. இருந்தால் நிறப் பட்டைகள் நிற்கும் 'கலர் பார்' சோதனைப் படத்தைப் போட்டு, நீலம் கலந்த பட்டைகள் எல்லாம் ஒரே வெளிச்சமாகும் வரை கலரையும் டின்டையும் நகர்த்தலாம். அந்த வசதிக்குப் பதிலாகக் கண்ணுக்கு முன் பிடிக்கும் நீலத் தாளை எல்இடி திரைகளில் நான் நம்புவதில்லை.

மற்றபடி, நன்றாகத் தெரிந்த பொருளை வைத்துப் பாருங்கள். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் சரிசெய்துகொண்டிருந்தபோது சமையல் நிகழ்ச்சியில் சீலா மீனை அறுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், கடலுக்குப் போகிறவர், திண்ணையிலிருந்தே சொன்னார்: "தம்பி, செவுளுக்குச் சாயம் அடிச்சிருக்கான்." எனக்கு அது வெறும் சிவப்பு. தினமும் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற, விற்கிற கண்ணுக்கு அது செவுளின் சிவப்பே கிடையாது. கலரை 58-லிருந்து 51-க்கு இறக்கினேன். "ம், இப்ப இது காலையில புடிச்ச மீனு" என்றார். நீங்களும் இப்படித் தெரிந்ததையே பாருங்கள்: செவுள், பனையோலையின் மங்கல் பச்சை, கறுத்த முகத்தின் கன்னம். பனையோலை பிளாஸ்டிக் மாதிரி பளபளத்தால் கலர் அதிகம். சேனலுக்குச் சேனல் படம் எடுத்த விதம் வேறு என்பதால் மூன்று நான்கு நிகழ்ச்சிகளில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒயிட் பேலன்ஸ் என்று சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி எண்கள் கொண்ட பக்கம் இருக்கும். அளக்கும் கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதே மாடலுக்கு வேறொருவர் போட்ட எண்களைக் காப்பி அடிப்பது இன்னும் மோசம்; ஒரே மாடலிலும் திரைக்குத் திரை வித்தியாசம் உண்டு.

11. மற்ற இன்புட், பகல், எச்டிஆர்

பல டிவிகளில் செட்டிங்ஸ் இன்புட்டுக்கு இன்புட் தனி. பென் டிரைவில் போட்டுச் சரிசெய்த எண்கள் செட்டாப் பாக்ஸ் வருகிற எச்டிஎம்ஐக்குப் போயிருக்காது. 'எல்லா இன்புட்டுக்கும்' என்ற வசதி இருந்தால் அமுக்குங்கள், இல்லாவிட்டால் கையால் போடுங்கள். பாக்ஸ் பக்கம் மாறியதும் வேட்டியையும் முடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பகலுக்கு இன்னொரு மோடை எடுத்து, எல்லா எண்களையும் இதேபோல வைத்து, பேக்லைட்டை மட்டும் ஏற்றுங்கள். மதிய வெளிச்சத்தில் படம் தெரியவில்லை என்று இரவு மோடின் பிரைட்னஸை ஏற்றினால் 7-ல் செய்த வேலை போச்சு.

எச்டிஆர் படம், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வீச்சு உள்ள படம், ஓடும்போது டிவி வேறு செட்டிங்ஸ் தொகுப்புக்கு மாறிவிடும். அங்கேயும் சினிமா, வார்ம், ஷார்ப்னஸ் இறக்கம். ஆனால் பேக்லைட்டும் கான்ட்ராஸ்ட்டும் அது கொடுத்த உயரத்திலேயே இருக்கட்டும். விலை குறைந்த டிவியில் எச்டிஆர் மங்கலாகத் தெரிவது அதன் விளக்குக்கு அவ்வளவு சக்தி இல்லாததால், உங்கள் தப்பால் இல்லை.

12. எழுதி ஒட்டுங்கள்

கடைசி எண்களை நோட்டில் எழுதி, ஒரு தாளில் டிவிக்குப் பின்னாலும் ஒட்டி வையுங்கள். அப்டேட் வந்தால் சில சமயம் எல்லாம் அழிந்துபோகும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அப்டேட் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதில் ஒன்று கச்சான் ஓய்ந்த பிறகு வரும்படி, திரையைத் துடைத்துவிட்டு 7-ஐயும் 8-ஐயும் மட்டும் பாருங்கள். ஒரு வாரம் வரை வீட்டில் யார் முணுமுணுத்தாலும் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்.